வாஷர் ரூமுக்கு நான் எழுதிய சீட்டு

நல்ல மனதோடு நான் போட்ட ஒரு கையெழுத்து ஒரு மனிதரின் சம்பளத்தைப் பாதியாக வெட்டியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டவர்கள், நான் சாதித்ததைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கேன்டீன் இட்லியின் அளவை மீட்டுக் கொடுத்த கதையை டீ நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன். இப்போது வேறு கதை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், மின்சார ஸ்விட்சுகளுக்கான உலோகப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் நல அலுவலர். தொழிலாளர்களுக்கு நான் ‘வெல்ஃபேர் மேடம்’. கேன்டீன், யூனிஃபார்ம், லோன் மனு, புருஷன் பெண்டாட்டி தகராறு எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பாதிப் பேர் மனு கொடுக்க வந்து அழுதுவிட்டுப் போவார்கள். மனு மேஜையிலேயே கிடக்கும்.

எங்கள் கம்பெனியின் சம்பளக் கவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் செய்த தப்பு புரியாது. கவரில் இருக்கும் பணத்தில் பாதிதான் சம்பளம். மீதிப் பாதி, இலக்குக்கு மேல் அடித்த பீஸுக்கு இன்சென்டிவ், நைட் ஷிஃப்ட் படி, ஓவர்டைம். மெஷினில் நிற்பவனுக்குத்தான் அந்த மீதிப் பாதி. ‘லைட் டியூட்டி’ என்று ஒன்று இருந்தது. பின்பக்கத்து ஷெட்டில் உட்கார்ந்து வாஷர்களை அளவுவாரியாகப் பிரிக்கிற வேலை. வாஷர் ரூம் என்போம். முடியாதவர்களை டாக்டர் சீட்டோடு அங்கே அனுப்புவோம். ஃபேன் உண்டு, ஸ்டூல் உண்டு, இன்சென்டிவ் கிடையாது.

தேவராஜ் என்று அவரைக் கூப்பிடுவோம். உண்மைப் பெயர் அதுவல்ல, நீங்கள் கேட்டாலும் சொல்லமாட்டேன். பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். வயது முப்பத்து நாலு. மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீடு, மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். டிபி வந்து நாலு மாதம் லீவில் இருந்துவிட்டு, குணமாகிவிட்டது, வேலை செய்யலாம் என்ற சர்டிஃபிகேட்டோடு திரும்பி வந்திருந்தார். வந்து பத்து நாள் கழித்து என் அறை வாசலில் நின்றார்.

“மேடம், கதவ சாத்திக்கட்டுமா?”

“வேணாம் தேவராஜ். சாத்தினாத்தான் எல்லாரும் பாப்பாங்க. உக்காந்து மெதுவா சொல்லுங்க.”

இந்த ஒன்றை மட்டும் அன்று சரியாகச் செய்தேன்.

“டிபி சரியாப் பூட்ச்சு மேடம். ஆனா ரத்தத்துல அது கீதாம்.”

“எது?”

“சொவத்துல எழுதி வெச்சிருக்காங்களே, அது.” கையில் இருந்த தொப்பியை மடித்து மடித்து உள்ளங்கைக்குள் அடக்கிவிட்டார். “கலாவுக்கும் பாத்தாங்க. அவளுக்கும் கீது. பொண்ணுக்கு இல்ல. அது ஒண்ணுதான்.”

அந்த நாளில் எச்ஐவிக்கு நம் கைக்கு எட்டுகிற விலையில் மருந்து எதுவும் கிடையாது. இருக்கிறது என்றால் எத்தனை நாள் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். தேவராஜே அதைப் போட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

“எனக்கு ஒண்ணும் வேணாம் மேடம். மாசம் ஒரு வாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வரணும், காலைல கொஞ்சம் பர்மிஷன் வேணும். அப்புறம், ஒரு நாள் நான் வரலன்னா ஏன் வரலன்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் உள்ள இருக்கணும். அவ்ளோதான்.”

ஆஸ்பத்திரி சானடோரியத்தில். அவர் அங்கே போன விதத்தை அப்போதுதான் சொன்னார். தாம்பரத்தில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே சானடோரியம். ஆனால் காலை ரயில் முழுக்க எங்கள் ஆட்கள். அங்கே ஒருத்தன் இறங்கினால் எங்கே போகிறான் என்று பெட்டியே எட்டிப் பார்க்கும். டிபி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தபோது அங்கேயே இறங்கிக்கொண்டிருந்தார். குணமாகிவிட்டது என்று வேலைக்குத் திரும்பியவன் இன்னும் எதற்கு இறங்க வேண்டும் என்று கேட்பார்களே. அதனால் எல்லோரோடும் குரோம்பேட்டை வரை வந்து, பீடி வாங்குகிற சாக்கில் பின்தங்கி, ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் பிடித்துத் திரும்பிப் போயிருக்கிறார். பத்து நிமிஷத்து வழிக்கு ஒரு மணி நேரம்.

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. இரும்புத் தகட்டோடு எட்டு மணி நேரம் நிற்கிறார், நைட் ஷிஃப்ட் வேறு, இந்த உடம்போடு. நாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா? ரொம்ப நல்லவளாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி அந்த வயதில். மறுநாள் காலையில் லைட் டியூட்டி சீட்டை எடுத்தேன். ‘உடல்நிலை கருதி, மறு உத்தரவு வரை வாஷர் ரூம்’ என்று எழுதினேன். டாக்டர் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. தேவராஜை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லது செய்கிறவர்கள் கேட்டுவிட்டா செய்வார்கள்?

அன்று மதியமே என் அறைப் பக்கம் வந்து, “மேடம், அங்க எதுக்கு?” என்றார். “கொஞ்ச நாள் ரெஸ்ட் மாதிரி இருக்கட்டும் தேவராஜ்” என்று அவர் தோளைத் தட்டாத குறையாகச் சொல்லி அனுப்பினேன். பெர்மனன்ட் ஆனாலும் தொழிலாளி, சீட்டில் எழுதினால் போக வேண்டியதுதான். போனார்.

டிபி வந்து தேறிய ஆட்கள் எங்கள் கம்பெனியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் ஃபிட் சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டு அவரவர் மெஷினுக்குத் திரும்பியவர்கள். இவர் ஒருவர் மட்டும் திரும்பி வந்து பத்து நாள் மெஷின் ஓட்டிவிட்டு, திடீரென்று வாஷர் ரூமுக்குப் போகிறார். ஏன்? முந்தின நாள் வெல்ஃபேர் மேடம் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்படி என்ன பேச்சு? கதவைத் திறந்து வைத்த என் புத்திசாலித்தனமெல்லாம் அந்த ஒரு சீட்டில் போயிற்று. ஒரு வாரத்தில் வாஷர் ரூமில் இருந்த மூன்று பேரும் வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பானைத் தண்ணீர் தேவராஜுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

சம்பள நாளன்று கவரைப் பிரித்த கையோடு வந்தார். இந்தத் தடவை கதவைப் பற்றிக் கேட்கவில்லை.

“இன்னா மேடம் பண்ணிட்டீங்க?” என்று கவரை என் மேஜைமேல் வைத்தார். “உங்கள யாரு கேட்டா?”

“உங்க உடம்புக்காகத்தானே தேவராஜ்…”

“என் உடம்பு எத்தினி நாளு ஓடும்னு எனக்குத் தெரியும் மேடம். அது ஓடற வரைக்கும் மெஷின் ஓட்டணும். முடிச்சூர்ல மனை ஒண்ணு தவணைல வாங்கிக்கினு கீறேன். இன்னும் பதினோரு தவணை. அது முடிஞ்சாத்தான் பத்திரம். கலா பேர்ல எழுதணும். நான் பூட்டா அவள வாடகை வூட்ல எவன் வெச்சுப்பான்? நாளைக்கு அவளுக்கும் படுத்துக்க ஒரு எடம் வேணும் இல்ல? ரெண்டு தவணை தவறுனா கட்டுன துட்டும் போச்சு, மனையும் போச்சுன்னு ஏஜென்டு எழுதி வாங்கிக்கினான். நீங்க என்னடான்னா என்னைக் குந்த வெச்சு வாஷர் பொறுக்க வுட்டுட்டீங்க.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைப் பார்க்க முடியாமல் கவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாளைக்கே மாத்திடறேன்” என்றேன்.

“இன்னொண்ணு மேடம். எனக்குன்னு தனியா எதுவும் பண்ணாதீங்க. பண்றதா இருந்தா எல்லாருக்கும் பண்ணுங்க.”

நாளைக்கே மாற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை. பேச்சு அதற்குள் பிரஸ் ஷாப் வரை போயிருந்தது. தேவராஜ் திரும்பி வரப்போகிறார் என்று தெரிந்ததும் மறுநாள் காலையில் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். பிரஸ் ஷாப்பில் தகட்டில் விரல் கிழிவது தினசரிக் கதை. தேவராஜுக்கு ஏதோ ‘ரத்த வியாதி’ என்று கேள்விப்படுவதாகவும், அவரை அங்கே அனுப்பினால் தாங்கள் மெஷினை நிறுத்துவோம் என்றும் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். அன்று படித்தவர்களுக்கே அந்தப் பயம் இருந்தது, எனக்கும் ஓரத்தில் இருந்தது.

மேனேஜர் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, விதிப்புத்தகத்தை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகராதவர். வெளியே பெஞ்சில் மனு கொண்டுவந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிஷத்தில் பதில் சொல்வதாகச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்.

“அந்த ஆளுக்கு என்னம்மா வியாதி?”

“டிபி சார். குணமாயிடுச்சு. ஃபிட் சர்டிஃபிகேட் ஃபைல்ல இருக்கு.”

“குணமான ஆளுக்கு எதுக்கு லைட் டியூட்டி? உங்களுக்கு ஏதோ தெரியும். ரெண்டு வரி எழுதிக் குடுங்க. வேலைக்குத் தகுதியில்லைன்னு செட்டில் பண்ணி கௌரவமா அனுப்பிடலாம். நமக்கும் தலைவலி இல்ல.”

இரண்டு வரி. தேவராஜின் பதினோரு தவணையும் அந்த இரண்டு வரியில் இருந்தது. பொய் சொல்லலாமா என்றும் யோசித்தேன், அதை மறுக்கமாட்டேன். ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்றால் டாக்டரிடம் அனுப்புவார், டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்வார். ‘தெரியும், சொல்லமாட்டேன்’ என்றால் அதுவே பதில். அவர் மேஜையில் நான் எழுதிய சீட்டு கிடந்தது. டாக்டர் கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாகவே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் தோன்றியது, இங்கே சொல்வதற்கு ஒரு உண்மை இருக்கிறதே என்று.

“சார், அந்த சீட்ட டாக்டர் எழுதல. நானா எழுதினேன்.”

“என்னது?”

“லைட் டியூட்டி போட எனக்கு அதிகாரம் கிடையாது சார். டாக்டர் சொல்லாம, அந்த ஆளையும் கேக்காம, நானே போட்டுட்டேன். ஃபிட்டா இருக்கற ஆள மெஷின்லேர்ந்து எடுத்ததால அவருக்கு ஒரு மாச இன்சென்டிவ் நஷ்டம். தப்பு என்னுது.”

மேனேஜர் சீட்டை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கீழே என் கையெழுத்து. மேலே வெற்றிடம். அவ்வளவுதான், வியாதி அவர் மண்டையிலிருந்து கழன்றுவிட்டது. விதியை மீறியிருக்கிறாள், அதுவும் தன் டிபார்ட்மென்டிலேயே! அடுத்த கால் மணி நேரம் நான் வாங்கிய திட்டை இங்கே சொல்ல வேண்டாம். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கடைசியில் எனக்கு மெமோ, ஒரு இன்கிரிமென்ட் வெட்டு. சீட்டு செல்லாது, தேவராஜ் பழையபடி பிரஸ் ஷாப். ஆர்டரை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆர்டர் ஒன்று, ஆட்கள் வேறு. மறுநாள் டீ இடைவேளையில் பிரஸ் ஷாப்புக்குப் போனேன். அதற்கு முன்பாக சானடோரியம் ஆஸ்பத்திரிக்குப் போய், யாருக்கு என்று சொல்லாமல் ஒரு டாக்டரிடம் விவரம் கேட்டு வந்திருந்தேன். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் தொழிலாளர் கமிட்டியின் செயலாளர். உரத்த குரல்காரர். அவரே எழுந்தார்.

“மேடம், சுத்தி வளைக்க வேணாம். அவனுக்கு அந்த வியாதி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நாங்க மனுவ வாபஸ் வாங்கிக்கிறோம்.”

“இருக்குன்னும் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன்” என்றேன். “நாளைக்கு உங்களப் பத்தி ஒருத்தர் வந்து கேட்டாலும் எங்கிட்ட இதே பதில்தான் கிடைக்கும்.”

கையெழுத்துப் போட்ட பதினாறு பேரில் ஒன்பது பேர் என் மேஜைக்கு முன்னால் அழுதவர்கள். யாருக்கு எங்கே இரண்டாவது குடும்பம், யார் குடியை நிறுத்த எந்த ஊருக்குப் போய் வந்தார், யார் மனைவியின் நகை எங்கே அடகில் இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஒருவரையும் நான் பார்க்கவில்லை, செயலாளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர், “வுடுப்பா, மேடம் சொல்றது கரெக்டு” என்றார். குரல் யாருடையது என்று தெரிந்தது, காரணமும் தெரிந்தது.

அப்புறம் விஷயத்துக்கு வந்தேன். பக்கத்து மெஷினில் நிற்பதாலோ, ஒரே பானையில் குடிப்பதாலோ எதுவும் வராது என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ரத்தம் என்றால் யார் ரத்தமானாலும் ஒரே விதி. விரல் கிழிந்தால் மெஷினை நிறுத்த வேண்டும், கழுவ வேண்டும், கட்டுப் போட வேண்டும், கட்டுப் போடுகிறவர் கையுறை போட வேண்டும், தகட்டில் ரத்தம் பட்டால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பீஸ். அதுவரை எங்கள் பிரஸ் ஷாப்பில் முதலுதவிப் பெட்டியே கிடையாது, பழைய பனியன் துணிதான். அந்த வாரமே மூன்று பெட்டி வந்தது. தேவராஜ் சொன்னபடி, எல்லோருக்கும்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தேவராஜ் மெஷினுக்குத் திரும்பினார். இரண்டு பேர் அவர் பக்கத்து மெஷினை விட்டு மாற்றிக்கொண்டார்கள். தண்ணீர் பாட்டில்கள் பல மாதம் தொடர்ந்தன. ஆனால் யாரும் மெஷினை நிறுத்தவில்லை. அவர் நைட் ஷிஃப்டைக் கேட்டு வாங்கினார், இலக்குக்கு மேல் அடித்தார். வாஷர் ரூமில் விட்ட அந்த ஒரு மாதப் பணத்தைக் கலாவின் கம்மலை விற்றுச் சமாளித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கம்மல் என் கணக்கு. இன்றைக்கும்தான்.

பதினோரு தவணையும் கட்டி முடித்து, பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். மனைவி பெயர் இருந்த இடத்தை விரல் வைத்துக் காட்டினார். அதற்கப்புறம் ஐந்து மாதம் வேலைக்கு வந்தார். பிறகு படுத்துவிட்டார். சம்பள நாளன்று கேட்டில் துண்டை விரித்து அவர் வீட்டுக்காக வசூல் செய்தார்கள். துண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட செயலாளர். மழைக்காலத்தில் தேவராஜ் போய்ச் சேர்ந்தார்.

கணவர் வேலையில் இருக்கும்போது இறந்தால் மனைவிக்கு ஒரு வேலை என்று கமிட்டியோடு ஒப்பந்தம் இருந்தது. கலா வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். மெலிந்த பெண், முப்பது வயது இருக்கும். பாரத்தில் ‘பிரிவு’ என்ற இடம் காலியாக இருந்தது. என் கை தானாக வாஷர் ரூம் என்று எழுதப் போயிற்று, சத்தியமாக. பேனாவைக் கீழே வைத்தேன்.

“உங்களுக்கு எந்த வேலை வேணும் கலா?”

“எதுல மேடம் இன்சென்டிவ் ஜாஸ்தி?”

“காயில் சுத்தற செக்ஷன். ஆனா எட்டு மணி நேரமும் கண்ணும் கையும் ஓயாது.”

“அதையே எழுதுங்க.”

எழுதினேன். மூன்று மாதத்தில் இலக்கைத் தாண்டினார். முடிச்சூர் மனையில் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டு, மகளோடு அங்கே போய்விட்டார்.

அவருக்கும் மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி. முதல் தடவை பர்மிஷன் சீட்டுக்கு வந்தபோது, நான் அக்கறையோடு குரலைத் தாழ்த்தினேன். “சானடோரியத்துல இறங்காதீங்க கலா. நம்ம ஆளுங்க ட்ரெயின்ல இருப்பாங்க. தேவராஜ் மாதிரி குரோம்பேட்டை வரைக்கும் வந்துட்டு, பஸ்ல திரும்பிப் போங்க. யாருக்கும் தெரியாது.”

கலா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கணவர் என் மேஜைமேல் கவரை வைத்துவிட்டுப் பார்த்த அதே பார்வை.

“நான் நேரா அங்கயே எறங்கிக்கிறேன் மேடம். பாக்கறவங்க பாத்துக்கட்டும். சுத்திக்கினு போய் வந்தா ஒரு மணி நேரம் லேட்டாவும், அன்னிக்கு இன்சென்டிவ் போயிடும். நீங்க கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன்.